கம்பம் பிடுங்காத நோம்பி

கொங்குப் பக்கம் திருவிழா என்று சொல்வதைவிட நோம்பி என்று சொல்வதுதான் வழக்கம். மாரியம்மன் நோம்பி, தைநோம்பி, தீவாளி நோம்பி. ஈரோட்டுக்குப் பெரிய நோம்பி பங்குனியில் வரும் பெரிய மாரியம்மன் நோம்பி. முதலில் பூச்சாட்டு, நோம்பி வரப்போகிறது என்று ஊருக்கு அறிவிப்பது. பிறகு பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் மூன்று கோயில்களிலும் கம்பம் நடுவார்கள். கம்பம் நிற்கும் நாள்களில் பெண்கள் குடம் குடமாக நீர் ஊற்றுவார்கள். ராத்திரியானால் பசங்க சுற்றி ஆடுவார்கள். கடைசியில் கம்பத்தைப் பிடுங்கி ஊர்வலமாகக் கொண்டுபோய்க் காவிரியில் விட்டுவிடுவார்கள். வழியெல்லாம் ஜனம் உப்பை வாரி இறைக்கும். மறுநாள் கம்பம் நின்ற இடத்தில் ஒன்றுமிருக்காது. அடுத்த பங்குனி வரை அது காலி இடம்தான்.

இன்றைய மொபைல் கேம்களின் லைவ் ஈவென்ட் இந்த அமைப்பை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. சில நாள் முன்பே டீஸர் வரும், அது பூச்சாட்டு. அப்டேட் இறங்கியதும் லாபியின் நிறம் மாறும், இசை மாறும், வரைபடத்தின் நடுவே புதிதாக ஏதோ ஒன்று எழும்பி நிற்கும். எல்லோரும் அதைச் சுற்றி ஆடுவார்கள். எடுத்துக்கொள்ளாமல் விட்டது ஒன்றுதான்: அந்தக் காலி இடம். பழைய கம்பத்தைப் பிடுங்கும் அப்டேட்டே புதிய கம்பத்தையும் நட்டுவிடுகிறது.

இந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். நல்ல நோம்பியிலும் நல்ல விளையாட்டிலும் பாதி வேலையை வெறுமைதான் செய்கிறது. லைவ் ஈவென்ட் அந்த வெறுமையை முதலில் வரைபடத்திலிருந்து எடுக்கிறது, பிறகு ஆடுபவரின் நாளிலிருந்து எடுக்கிறது. உதாரணத்துக்கு, என் வயதுக்காரர்களும் எனக்குப் பின்னால் வந்தவர்களும் ஒருமுறையாவது குதித்திருக்கக்கூடிய எராங்கல் தீவையே எடுத்துக்கொள்கிறேன்.

*

எராங்கல் பப்ஜியின் முதல் வரைபடம். எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். கணினியில் 2017 மார்ச்சிலும் மொபைலில் 2018 மார்ச்சிலும் வெளிவந்தது. வடிவமைப்பாளர் பிரெண்டன் கிரீன் தன் மகள் எரினின் பெயரிலிருந்து தீவின் பெயரை உண்டாக்கினார். கைவிடப்பட்ட ஒரு ராணுவத் தளம், அதைச் சுற்றிப் பாழடைந்த ஊர்கள், வயல்கள், ஒரு பள்ளிக்கூடம். நூறு பேர் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் ஓர் அணி மிஞ்சுகிறது.

இப்படிச் சொன்னால் இது முழுக்கச் சண்டை விளையாட்டு என்றுதான் தோன்றும். ஆடியவர்களுக்குத் தெரியும், அதில் பெரும்பங்கு நடைதான். குதித்த சில நிமிடங்கள் ஒரே களேபரம். அதற்குப் பிறகு ஒரு நீண்ட நடுப்பகுதி வரும். பொச்சின்கிக்கு வெளியே வயலில் ஓடிக்கொண்டிருப்போம். யாருமே இல்லை. நம் காலடிச் சத்தமும் புல் சத்தமும்தான். எங்கோ தூரத்தில் ஒரு ஜீப் போகிறது. ஒரு வீட்டை நெருங்கினால் கதவு திறந்து கிடக்கிறது. இந்தத் தீவில் எல்லாக் கதவுகளும் மூடியே இருக்கும். திறந்த கதவு என்றால் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். போனவர் வெளியே வந்தாரா?

வசனமில்லை, கதாபாத்திரமில்லை, ஒரு திறந்த கதவு. இதைவிடச் சிக்கனமான கதைசொல்லல் மொபைல் விளையாட்டில் நான் அதிகம் பார்த்ததில்லை. அது வேலை செய்வதற்குக் காரணம், அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் எதுவுமே நடக்கவில்லை. முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று படித்திருக்கிறோம். காத்திருத்தல் நிலத்தின் குணமாகவே ஆகிவிடும் என்பது நம் இலக்கணத்துக்கு ஈராயிரம் வருடமாகத் தெரிந்த விஷயம். எராங்கலின் நடுப்பகுதி அந்த மாதிரி நிலம். அங்கே கேட்ட ஒற்றை வெடிச்சத்தத்துக்கு நெஞ்சு படபடத்தது துப்பாக்கியால் மட்டுமில்லை, அதுவரை இருந்த அமைதியாலும்தான்.

*

இப்போது இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயின் அண்மைக்கால அப்டேட்டுகளை வரிசையாகப் பார்க்கலாம். 2024 மார்ச்சில் ஆகாயத்தில் மிதக்கும் தீவும் பறக்கும் கம்பளமும் வந்தன. மே மாதம் மனிதர் ஏறி ஓட்டும் ராட்சத இயந்திரங்கள். ஜூலையில் கடலடி அரண்மனை. நவம்பரில் பனி. 2025 மே மாதம் ஜப்பானின் அட்டாக் ஆன் டைட்டன் கூட்டணி. ஜூலையில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ். சுமார் இரண்டு மாதத்துக்கு ஒரு கம்பம், இடைவெளி கிடையாது.

இவற்றில் கற்பனை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பறக்கும் கம்பளம் நல்ல யோசனை. எராங்கலை முதன்முறையாக மேலிருந்து நிதானமாகப் பார்க்க வைத்தது. எட்டு கிலோமீட்டர் காலால் நடந்து பழகியவனுக்கு அது தனி சுகம். நாலு பேர் ஒன்றாக ஏறிக்கொண்டு கத்திக்கொண்டு போனது உண்மையான சந்தோஷம்.

பிரச்சினை தனித்தனி அப்டேட்டில் இல்லை, எல்லா அப்டேட்டுகளும் ஒரே திசையில் போவதில் இருக்கிறது. ஒவ்வொன்றும் தீவில் இன்னும் கொஞ்சம் ஒளி, இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் பொருள் சேர்க்கிறது. வேகமாக நகர ஒரு கருவி, செத்தால் திரும்பி வர ஒரு வழி, எல்லோரையும் ஓரிடத்துக்கு இழுக்கும் ஒரு கட்டடம். அந்த நீண்ட நடுப்பகுதியை ஒரு குறையாகப் பார்த்து, அதைச் சரிசெய்யும் முயற்சிகள் என்றே இவற்றைப் படிக்க முடிகிறது. எதுவும் நடக்காத ஐந்து நிமிடத்தில் ஆடுபவர் போனைக் கீழே வைத்துவிடுவாரோ என்ற பயம். பழைய கிளாசிக் தீவு பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது, யாரும் அழித்துவிடவில்லை. ஆனால் புதிய பரிசுகளும் பணிகளும் பெரும்பாலும் புதிய மோடைச் சுற்றியே இருக்கும்போது கூட்டம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆள் வராத கோயிலுக்கும் பெயர் கோயில்தான்.

*

வரைபடத்திலிருந்து நாளுக்கு வருவோம். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் பிரித்துக் காட்ட முடியும்.

ஓர் ஈவென்ட் தொடங்கும்போது அது புதிதாக உங்கள் போனுக்கு வருவதாகத் தோன்றும். பொதுவாக அப்படி இல்லை. அப்டேட்டை இறக்கிய அன்றே உடைகள், இசை, கட்டடம் எல்லாம் போனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டிருக்கும். சர்வரில் ஒரு சுவிட்ச் இருக்கும். குறித்த நேரத்தில் அதைப் போடுவார்கள், குறித்த நேரத்தில் அணைப்பார்கள். ‘இன்னும் 3 நாள் 4 மணி நேரம்’ என்று ஓடும் கடிகாரத்துக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு ஒப்பீடு: இப்போதைய நேரம் முடிவு நேரத்தைத் தாண்டிவிட்டதா? ஆம் என்றால் பொத்தானை மறை. சரக்கு தீரவில்லை, கெட்டுப்போகவில்லை. அந்தச் சட்டையை இன்னும் ஒரு கோடி பேருக்குக் கொடுத்தாலும் கூடுதலாக ஒரு நூல்கூடச் செலவாகாது.

ஈரோட்டில் வளர்ந்தவனுக்கு இது உறுத்தும். நாங்கள் தள்ளுபடி பார்த்தே வளர்ந்தவர்கள். ஆடித் தள்ளுபடிக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. ஆடியில் கல்யாணம் கிடையாது, துணி நகராது, தேங்கிய சரக்கைத் தள்ள வேண்டும். கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாயோடு முடிகிறது என்றால், வெளியூர் வியாபாரி லோடு ஏற்றிக்கொண்டு ஊர்போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்த அவசரம் உலகத்திலிருந்து வருகிறது. ஈவென்ட்டின் அவசரம் அட்டவணையிலிருந்து வருகிறது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இணைய வணிகத்தின் ஏமாற்று வடிவங்கள் பற்றி வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. 13 வகைகளைப் பட்டியலிட்டார்கள். அதில் ஒன்று பொய்யான அவசரம்: இல்லாத தட்டுப்பாட்டையோ அவசரத்தையோ காட்டி உடனே வாங்க வைப்பது. ஈவென்ட் இதில் சிக்குமா? ஒரு வக்கீல் சுலபமாகத் தப்பித்துவிடுவார். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் பொருள் உண்மையிலேயே மறைந்துவிடுகிறதே, இதில் பொய் எங்கே என்று கேட்பார். கேள்வி சரிதான். விற்பவரே தட்டுப்பாட்டை உருவாக்கும் வசதி இருந்தால் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

என் சித்தப்பா பையன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். அவன் ஆடுவது வேறொரு கேம், பெயர் வேண்டாம். போன பொங்கலுக்கு வந்தவன் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

“ஏண்டா, அது அவ்வளவு புடிக்குதா?”

“புடிக்குதான்னு கேட்டா சொல்லத் தெரியலீங்ண்ணா. இன்னும் நாலு நாள்தான் இருக்குது. இவ்வளவு தூரம் வந்துட்டு உட்டா எல்லாம் வேஸ்ட்டாப் போயிருமுங்.”

அவன் வாயில் வந்தது நான் ஆபீஸில் கேட்கும் பேச்சு. டெட்லைன், பாக்கி, போட்ட உழைப்பு. சீசன் பாஸ் என்பதே இந்த மனநிலையின் மேல் கட்டப்பட்ட பொருள். நாம் வாங்குவது பரிசை இல்லை, பரிசுக்காக உழைக்கும் உரிமையை. காசு கொடுத்து வேலைக்குச் சேர்கிறோம். தினமும் உள்ளே வந்து கையெழுத்துப் போட வேண்டும்; வராத நாள் நஷ்டக் கணக்கில் சேரும்.

பிஜிஎம்ஐயிலேயே ஒரு வேடிக்கை உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் என்று அது 2021இல் வந்தபோதே வரம்பு வைத்திருந்தது. நல்ல விஷயம். ஆனால் ஒரு கை ‘இன்றைக்குப் போதும்’ என்று கதவைச் சாத்தும்போது இன்னொரு கை ‘நாளைக்கு வராமல் இருந்துவிடாதே’ என்று பரிசைக் காட்டுகிறது. எத்தனை மணி நேரம் என்று எண்ணத் தெரிந்த சட்டங்களுக்கு இந்த இரண்டாவது கை கண்ணில் படுவதில்லை. தமிழ்நாட்டில் ராத்திரி 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்ற 2025ஆம் வருட விதி, அதே வருட ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் செல்லும் என்று சொன்ன விதி, பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கானது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பந்தயப் பணத்தைத்தான் துரத்துகிறது.

இந்த இரண்டாவது கையைப் பிடிக்க முயன்றவர்களில் சீனா முக்கியம். 2023 டிசம்பர் 22 அன்று அங்கே வெளியான வரைவு விதி, தினசரி உள்நுழைவுக்கும் தொடர்ச்சியாகப் பணம் போடுவதற்கும் பரிசு தரக் கூடாது என்றது. அன்றே டென்சென்ட்டின் பங்கு 12 சதவீதம் அளவுக்கு விழுந்தது. அடுத்த மாதம் அந்த வரைவு அரசுத் தளத்திலிருந்தே காணாமல் போனது. ஒரு துறையின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு மாதம் போதும்.

*

‘அப்படிப் பார்த்தால் தொடர்கதையும் இதுதானே?’ என்று இந்தப் பத்திரிகையின் வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்கி 1950இல் தொடங்கி 1954 வரை பொன்னியின் செல்வனை எழுதியபோது, வாராவாரம் ஆட்களைக் காத்திருக்க வைத்துத்தான் பத்திரிகை விற்றது. ‘தொடரும்’ என்ற சொல்லும் ஒரு வியாபாரச் சொல்தான்.

ஆனால் தொடர்கதை வாரத்துக்கு ஒருமுறைதான் வந்தது. நடுவில் இருந்த ஆறு நாளும் வாசகருடையது. அடுத்து என்ன என்று திண்ணையில் பேசியது, சண்டை போட்டது எல்லாம் அந்த ஆறு நாளில் நடந்தது. அதைவிட முக்கியம், தவறவிட்டவருக்குத் தண்டனை கிடையாது. பக்கங்களைக் கிழித்து, தைத்து, பைண்டு பண்ணி வீட்டில் வைத்திருந்தார்கள். வந்த காலத்தில் பிறக்காதவர்கள் அதைப் படித்தார்கள், நாமும் படிக்கிறோம். தொடர்கதை முடிந்தது, முடிந்ததால் நூலாயிற்று.

லைவ் ஈவென்ட்டைப் பைண்டு பண்ண முடியாது. 2024 ஜூலையின் கடலடி அரண்மனையைப் பற்றி நான் இங்கே எழுதினால், அதே மோடில் போய்ச் சரிபார்த்து ‘நீ சொல்வது தப்பு’ என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை. யூடியூபில் யாரோ ஆடிய வீடியோ இருக்கும். அது கல்யாண வீடியோ பார்ப்பது மாதிரி. பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஆகாது. மறுபடி படிக்க முடியாத பிரதிக்கு விமர்சனம் எப்படி வளரும்? இந்தத் துறையைப் பற்றி நம்மிடம் செய்திகளும் டிப்ஸும் கொட்டிக் கிடக்கின்றன, விமர்சனம் இல்லை. அதற்கு எங்கள் சோம்பேறித்தனம் ஒரு காரணம் என்றால், படைப்பே கையில் நிற்காமல் நழுவிவிடுவது இன்னொரு காரணம்.

*

லைவ் ஈவென்ட்டுகளிலேயே மிகச் சிறந்தது எது என்று என்னைக் கேட்டால் 2019 அக்டோபர் 13 அன்று ஃபோர்ட்நைட்டில் நடந்ததைச் சொல்வேன். அன்று அந்த விளையாட்டின் தீவு, ஆடிக்கொண்டிருந்தவர்கள், மெனு எல்லாவற்றையும் ஒரு கருந்துளை விழுங்கியது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு நாள் திரையில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும். ஆட முடியாது, வாங்க முடியாது, பரிசு கிடையாது. லட்சக்கணக்கானவர்கள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமில்லாததை ஒரு நிகழ்ச்சியாக்கும் துணிச்சல் அன்று அவர்களுக்கு இருந்தது. அது அடுத்த அத்தியாயத்துக்கான விளம்பரம் என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த விளையாட்டு தன் ஆட்களை முதன்முறையாக ஏங்க விட்டது.

அதே விளையாட்டு 2023 நவம்பரில் தன் பழைய தீவைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒரே நாளில் 4.47 கோடி பேர் ஆடினார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. புதுமையை வாராவாரம் கொட்டிய விளையாட்டுக்கு அதுவரை இல்லாத கூட்டம், பழைய இடத்தைப் பார்க்க வந்த கூட்டம். ஜனம் என்ன கேட்கிறது என்று அந்த எண் சொல்கிறது. அதையும் கொஞ்ச நாள் காட்டிவிட்டு மூடினார்கள் என்பது தனிக்கதை.

இடைவெளி இல்லாத நோம்பிக்குப் பந்தல் போடுபவர்களும் இருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் பாலிகான் தளம் ஃபோர்ட்நைட் ஊழியர்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. வாரம் 70 மணி நேரம் வேலை சகஜமாகிவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள். ரிலீஸ் முடிந்ததும் நாலு நாள் தூங்கலாம் என்பதுதான் எங்கள் தொழிலின் பழைய ஆறுதல். முடிவே இல்லாத பொருளில் அந்த நாலு நாள் எங்கிருந்து வரும்?

*

எராங்கலுக்கு இந்தியாவில் ஓர் உண்மையான இடைவெளி கிடைத்தது. அதை எந்த வடிவமைப்பாளரும் திட்டமிடவில்லை. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது; பப்ஜி மொபைலும் அதில் ஒன்று. அக்டோபர் 30இல் சர்வர் நின்றது. 2021 ஜூலை 2இல் பிஜிஎம்ஐயாக வந்தது. 2022 ஜூலை 28இல் மறுபடி கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதக் கடைசியில் திரும்பியது.

அந்த மே மாதம் எங்கள் பழைய வாட்ஸப் குழு உயிர்பெற்றது. நாலு பேர், நாலு ஊர். ஒருத்தனுக்குக் குழந்தை பிறந்திருந்தது, ஒருத்தன் வேலை மாறியிருந்தான். யாரும் புது மோடு என்ன, பாஸில் என்ன என்று கேட்கவில்லை. பொச்சின்கியில் குதித்தோம். சர்ச் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று ராத்திரி நாங்கள் ஆடியதைவிடப் பேசியதுதான் அதிகம். இந்த விளையாட்டு எனக்குக் கொடுத்த ஒரே நோம்பி அதுதான் என்று தோன்றுகிறது. கிடைத்ததற்குக் காரணம் பத்து மாத வெறுமை. தடையை நான் பாராட்டவில்லை; என்ன ஆடுவது என்பதை இப்படி முடிவுசெய்யும் அதிகாரம் அரசிடம் இருப்பது எனக்கு உவப்பில்லை. ஆனால் காணாமல் போனது திரும்பி வரும்போது வரும் சந்தோஷம் எப்படிப்பட்டது என்று அந்த விபத்து காட்டிவிட்டது.

நோம்பியைப் புனிதமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. சாமி எந்தத் தெரு வரைக்கும் வரும், எந்தத் தெருவுக்கு வராது என்பதில் சாதி இருக்கிறது. கொங்கு நாட்டில் அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்த வகையில் எராங்கல் எங்கள் ஊர்களைவிடப் பெரிய இடம். யார் வீட்டுப் பையனும் எந்த விலைப் போனிலும் காசில்லாமல் வந்து குதிக்கலாம். பெயரைப் பார்த்து யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. அந்த இலவசத்துக்குக் காசு கட்டுவது ஈவென்ட்டில் வாங்குபவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதைப் பற்றிக் கவலைப்படுகிறேன். இவ்வளவு பேருக்கு முதன்முதலாகத் திறந்த ஒரு பொதுவெளி, உள்ளே வந்தவர்களைத் தினக்கூலிகளாக நடத்த வேண்டுமா?

கேட்பது அதிகமில்லை. இரண்டு ஈவென்ட்டுகளுக்கு நடுவே ஒன்றுமில்லாத ஒரு மாதம். காசு கொடுத்து வாங்கிய பாஸுக்குக் காலாவதி கூடாது, எப்போது முடித்தாலும் முடித்ததுதான். ஆறின மோடுகளைத் தனி அறையில் வைத்து, விரும்பியவர் போய்ப் பார்க்க ஒரு வழி. மூன்றுமே தொழில்நுட்ப ரீதியில் கஷ்டமில்லாதவை. முதலாவதற்கு ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். அடுத்த டீஸர் வரும்போது அதில் என்ன புதிது என்று கேட்பதோடு, முந்தையது எங்கே போனது, இதற்கும் அதற்கும் நடுவே நமக்கு எத்தனை நாள் விட்டார்கள் என்றும் கேட்கலாம். இந்த விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதப்போகிறவர்கள் அந்தக் கணக்கிலிருந்து தொடங்கினால் நல்லது.